கோலார் ஆழம், ஊட்டி உயரம்

சித்தன்னவாசல் அறிவர் கோயிலுக்குள் நுழைகிறவர்கள் கூரையிலுள்ள தாமரைக்குள ஓவியத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். அதே கூரைப் பாறையைத் துளைத்துக்கொண்டு இன்னொன்றும் ஓயாமல் உள்ளே வருகிறது: மியூவான் என்னும் அடிப்படைத் துகள். புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் வெட்டவெளியில் நின்று உள்ளங்கையை விரித்தால், நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு மியூவான்கள் அதைக் கடந்து போகும். குடைவரைக்குள் இந்த எண்ணிக்கை குறையும், அற்றுப்போகாது.

எவ்வளவு குறையும் என்பதை நம் ஊர்க் கருங்கல்லை வைத்தே கணக்குப் போடலாம். கிரானைட் தண்ணீரைவிட 2.6 மடங்கு அடர்த்தியானது. அதில் ஒரு மீட்டரைக் கடக்க மியூவான் சுமார் அரை ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலை இழக்கிறது. கடல்மட்டத்துக்கு வந்துசேரும் மியூவானின் சராசரி ஆற்றல் 4 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட். ஆக, எட்டு மீட்டர் பாறை சராசரி மியூவானின் கதையை முடித்துவிடும். ஆனால் சராசரி என்பது சராசரிதானே. அதைப்போலப் பத்து மடங்கு, நூறு மடங்கு ஆற்றலோடு வருபவையும் உண்டு. நார்த்தாமலைக் குன்று ஒன்றை ஊடுருவி அந்தப் பக்கம் போய்விடும் மியூவான்களும் இருக்கின்றன. அப்படியானால் எவ்வளவு ஆழம் போனால் ஒன்றுகூட வராது?

இந்தக் கேள்வியோடு தொழில் வாழ்க்கையைத் தொடங்கியவர் பி.வி. ஸ்ரீகண்டன். மைசூருக்குப் பக்கத்தில் நஞ்சன்கூட்டில் 1925இல் பிறந்தவர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் வானொலித் தொழில்நுட்பம் சார்ந்த ஆய்வில் சிறிது காலம் இருந்துவிட்டு, 1948இல் பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். நிறுவனத்துக்கு அப்போது மூன்று வயது. ஹோமி பாபா அதை நடத்திக்கொண்டிருந்தார். கோலார் தங்கவயலில் இந்தியாவின் மிக ஆழமான சுரங்கம் இருக்கிறது, அதில் எண்ணிகளை இறக்கி மியூவான்களை எண்ணிப் பாருங்கள் என்று பாபா அவரை அனுப்பினார். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இளைஞர் கைகர் எண்ணிகளோடும் மின்னணுப் பெட்டிகளோடும் சுரங்கக் கூண்டில் இறங்கியது 1950களின் தொடக்கத்தில். முனைவர் பட்டம் அதற்குத்தான் கிடைத்தது.

கோலார் தங்கவயல் மாநில எல்லைப்படி கர்நாடகம். ஆனால் சுரங்கத்துக்குள் ஒலித்த மொழி பெரும்பாலும் தமிழ். வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்து போன குடும்பங்களே தலைமுறை தலைமுறையாகக் கீழே இறங்கினார்கள். ‘தங்கலான்’ படம் பார்த்தவர்களுக்கு அந்தக் கதையின் தொடக்கம் தெரியும். ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணற்றையே நாம் பெரிய ஆழம் என்கிறோம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் பத்தாயிரம் அடிக்கும் கீழே போனது. அடி ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியஸைத் தாண்டும். மேலேயுள்ள மலைப் பாரத்தின் அழுத்தத்தால் பாறை தானாகவே வெடித்துச் சிதறும். அப்படிப்பட்ட இடத்தில் கண்ணாடிக் குழாய்களையும் நுட்பமான சுற்றுகளையும் கொண்டுபோய் மாதக்கணக்கில் ஓடவைக்க வேண்டுமென்றால், கூண்டை இயக்குகிறவரிலிருந்து கல் உடைப்பவர்வரை அனைவரின் கையும் அதில் சேர்ந்தாக வேண்டும். இயற்பியல் கட்டுரைகளின் ஆசிரியர் பட்டியலில் அவர்கள் பெயர் வருவதில்லை. உலகம் முழுக்க அதுதான் வழக்கம் என்றாலும், இந்தச் சுரங்கத்தைப் பொறுத்தவரை அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

மியூவான்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் எல்லாத் திசைகளிலிருந்தும் பூமிமேல் விழுகின்றன. கதிர் என்பது பழகிப்போன பெயர்தான். உண்மையில் அவை துகள்கள், பெரும்பாலும் புரோட்டான்கள். வளிமண்டலத்தின் உச்சியில் காற்றின் அணுக்கருவில் ஒரு புரோட்டான் மோதினால் பையான் எனும் துகள்கள் தெறிக்கின்றன. மின்னேற்றமுள்ள பையான் கண்ணிமைக்கும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குகூட வாழாது. சிதைந்து ஒரு மியூவானையும் ஒரு நியூட்ரினோவையும் விட்டுச் செல்லும். மியூவானும் சிதைந்தால் இன்னும் இரண்டு நியூட்ரினோக்கள். ஆக, நம் தலைக்கு மேலே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் ஒவ்வொரு மோதலிலும் இரண்டு வகைச் சரக்கு உற்பத்தியாகிறது: பாறையில் தேய்ந்து நின்றுபோகும் மியூவான், எதிலும் நிற்காத நியூட்ரினோ.

நியூட்ரினோ இருக்க வேண்டும் என்று வொல்ஃப்காங் பவுலி 1930இல் ஊகித்தார். பிடித்துக் காட்ட 26 ஆண்டுகள் ஆயின. 1956இல் ரெய்ன்ஸும் கவனும் அமெரிக்காவில் ஓர் அணு உலையின் அருகே அதைப் பதிவுசெய்தார்கள். உலையிலிருந்து வந்தது மனிதர் உண்டாக்கிய நியூட்ரினோ. இயற்கையில் பிறந்த நியூட்ரினோவை அதுவரை எவரும் பார்த்திருக்கவில்லை. சூரியனிலிருந்து மட்டும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் ஒவ்வொரு நொடியும் 6,500 கோடி நியூட்ரினோக்கள் பாய்கின்றன. இரவிலும்தான், பூமியைத் துளைத்துக் காலடி வழியாக. வளிமண்டலத்தில் பிறப்பவை அதனோடு ஒப்பிட்டால் சொற்பம், நொடிக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கு. ஆனால் ஒவ்வொன்றின் ஆற்றலும் மிக அதிகம். எப்போதாவது ஒன்று பாறையின் அணுக்கருவில் மோதி ஒரு மியூவானைப் பிறப்பிக்கும். அந்த மியூவானைப் பிடித்தால் போதும். சிக்கல் என்னவென்றால், மேலேயிருந்து நேரடியாக வரும் சாதாரண மியூவான்களின் பெருங்கூட்டத்தில் இதை அடையாளம் காண வழியில்லை.

இங்கேதான் கோலாரின் பூஜ்யம் வருகிறது. ஸ்ரீகண்டன் தொடங்கிய அளவீட்டை டாடா நிறுவனக் குழு 1960களின் தொடக்கத்தில் இன்னும் ஆழத்துக்குக் கொண்டுபோனது. ஒசாகாவிலிருந்து வந்த மியாகேயும், வி.எஸ். நரசிம்மமும், பி.வி. ரமணமூர்த்தியும் மட்டம் மட்டமாக இறங்கி எண்ணினார்கள். ஒவ்வொரு மட்டத்திலும் மியூவான் குறைந்தது. ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர் ஆழத்தில் கருவியை வைத்து இரண்டு மாதம் போலக் காத்திருந்தார்கள். ஒன்றுகூடப் பதிவாகவில்லை.

மியூவானை எண்ணப் போனவனுக்கு இது தோல்வி போலத் தெரியும். டாடா நிறுவனத்தின் எம்.ஜி.கே. மேனனும் ஸ்ரீகண்டனும் அவர்களோடு இருந்தவர்களும் அதைத் தலைகீழாகப் படித்தார்கள். மியூவானே வராத இடத்தில் ஒரு மியூவான் தென்பட்டால், அது மேலேயிருந்து வந்ததாக இருக்க முடியாது. பக்கத்துப் பாறையில் நியூட்ரினோ பெற்றதாகத்தான் இருக்க வேண்டும். ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் பாறை ஒரு சல்லடை. தேவையற்றதையெல்லாம் மேலேயே நிறுத்திக்கொண்டு நியூட்ரினோவை மட்டும் கீழே விட்டது. ஸ்ரீகண்டனின் வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். பத்தாண்டுகள் எதை அளந்தாரோ அதை இரைச்சல் என்று ஒதுக்கிவைத்துவிட்டு, அது அடங்கிய பின் மிஞ்சுவதைக் கேட்கத் தயாரானார்.

டாடா நிறுவனம், ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் மூன்றும் கூட்டுச் சேர்ந்தன. கருவியை அவர்கள் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் அமைத்தார்கள். கோலார்ப் பாறை நம் கிரானைட்டைவிடக் கனமானது, தண்ணீரைப்போல் மூன்று மடங்கு. அதனால் தலைக்குமேல் இருந்த பாரம் 7 கிலோமீட்டர் ஆழத் தண்ணீருக்குச் சமம். தரையில் விழும் மியூவான்களில் பல கோடிகளில் ஒன்றுதான் அங்கே எட்டும். அந்த மிச்சத்தையும் ஒதுக்கத் திசையைப் பயன்படுத்தினார்கள். செங்குத்தாக வரும் மியூவானுக்குப் பாறை 2.3 கிலோமீட்டர். 60 பாகை சாய்ந்து வந்தால் அதைப்போல் இரண்டு மடங்கு. படுக்கைவாட்டில் வர வேண்டுமென்றால் நூறு கிலோமீட்டருக்கும் மேல் பாறையைக் கடந்தாக வேண்டும், எந்த மியூவானாலும் ஆகாத காரியம். எனவே கருவியைத் தரையில் விரிக்காமல் சுவர்போல நிறுத்தினார்கள். எதிரெதிராக இரண்டு ஒளிர்நெகிழிச் சுவர்கள். துகள் கடந்தால் அவற்றில் மின்னும் ஒளியை ஒளிப்பெருக்கிக் குழாய்கள் உணரும். நடுவே நியான் நிரப்பிய கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக ஒளிர்ந்து துகள் போன பாதையைக் காட்டும். டர்ஹாம்காரர்கள் கைவந்த கலை அது. படுக்கைவாட்டிலோ கீழிருந்து மேல்நோக்கியோ ஒரு தடம் தெரிந்தால், அதைப் பிறப்பித்தது நியூட்ரினோ.

1965இல் அந்தத் தடங்கள் கிடைத்தன. முதல் கட்டுரையிலிருந்த நிகழ்வுகளை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். ஆனாலும் அவை மனிதர் கண்ட முதல் இயற்கை நியூட்ரினோக்களில் அடங்கும். ‘முதல்’ என்று மட்டும் எழுதாமல் ‘முதல்களில்’ என்று எழுதக் காரணம் இருக்கிறது. அதே சமயத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் ரெய்ன்ஸின் குழுவும் இதே வேட்டையில் இருந்தது. அவர்கள் கருவியில் முதல் நிகழ்வு 1965 பிப்ரவரி 23 அன்றே விழுந்துவிட்டது. கட்டுரை வெளியானதில் கோலார் முந்தியது: ஆகஸ்ட் 15. ரெய்ன்ஸின் கட்டுரை ஆகஸ்ட் 30. பார்த்ததில் அவர்கள், அச்சில் இவர்கள். நம் ஊர் மேடைகளில் பாதியை மட்டும் சொல்லிக் கைதட்டு வாங்குவதுண்டு. முழுவதும் சொன்னால் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடாது. சுதந்திரம் பெற்றுப் பதினெட்டு ஆண்டுகளே ஆன நாட்டின் ஒரு குழு, அமெரிக்கக் குழுவோடு இரண்டு வார இடைவெளியில் நின்றது.

ஸ்ரீகண்டன் ஆழத்தோடு நிற்கவில்லை. ஒரு காஸ்மிக் கதிர் புரோட்டானைப் பற்றி முழுமையாக அறிய வேண்டுமென்றால், அது காற்றில் உண்டாக்கும் துகள்மழையை உயரத்திலேயே பிடிக்க வேண்டும். அதற்கு அவர் தேர்ந்தது உதகமண்டலம், கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டர். 1950களிலிருந்தே டாடா நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் அங்கே வளர்ந்தது. பல அடுக்குத் தகடுகள் வைத்த பெரிய மேக அறை, பரவலாக நிறுத்திய எண்ணிகள் என்று கருவிகள் சேர்ந்தன. சுரங்கத்தில் எண்ணியது இந்த மழையின் கடைசித் துளியை. ஊட்டியில் பிடித்தது மழையையே.

தென்னிந்தியாவுக்கு இதில் இயற்கை கொடுத்த ஒரு வசதி இருக்கிறது. புதுக்கோட்டைக்காரர்களும் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. காந்தப்புலம் இங்கே தரைக்கு இணையாகப் படுத்திருக்கிறது. செங்குத்தாக இறங்கும் புரோட்டானுக்கு அது குறுக்குத் தடுப்பு. சுமார் 17 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறைந்த ஆற்றலுள்ளவை நம் தலைக்கு மேலே செங்குத்தாக வந்துசேரவே முடியாது, திருப்பி அனுப்பப்படும். உலகிலேயே மிக உயர்ந்த தடுப்புகளில் ஒன்று இது. கனடாவிலோ நார்வேயிலோ சிறு ஆற்றல் துகள்களும் உள்ளே வந்துவிடும். பாபாவும் மில்லிகனும் 1940ஐ ஒட்டித் தென்னிந்தியாவில் பலூன்களை ஏவி அளவெடுத்ததற்குப் பின்னே இந்தக் காந்தக் காரணம் இருந்தது.

1960களின் நடுவில் ஸ்ரீகண்டன் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குப் போனார். வானத்தில் எக்ஸ் கதிர் மூலங்கள் இருப்பது அப்போதுதான் தெரியவந்திருந்தது. விருச்சிக ராசிப் பக்கம் இருந்த மிகப் பிரகாசமான மூலம், ஸ்கார்பியஸ் எக்ஸ்-1, சரியாக எந்த நட்சத்திரம் என்பது புதிர். ராக்கெட்டில் கருவி அனுப்பி அதன் இடத்தைத் துல்லியமாகக் குறித்த 1966ஆம் ஆண்டுக் கட்டுரையில் கர்ஸ்கி, ஜக்கோனி, ஓடா ஆகியோரோடு ஸ்ரீகண்டனின் பெயரும் இருக்கிறது. ரிக்கார்டோ ஜக்கோனிக்கு எக்ஸ் கதிர் வானியலுக்காகப் பின்னாளில் நோபல் கிடைத்தது. ஊர் திரும்பியதும் ஸ்ரீகண்டன் ஹைதராபாத்திலிருந்து பலூன்களில் எக்ஸ் கதிர்க் கருவிகளை ஏவும் பணியைத் தொடங்கிவைத்தார். பல்சார்கள் கண்டுபிடிக்கப்பட்ட சூட்டோடு, 1969இல் ஊட்டியில் பழைய தேடுவிளக்குக் கண்ணாடிகளை வைத்து, மிகு ஆற்றல் காமா கதிர்கள் காற்றில் எழுப்பும் மெல்லிய நீல ஒளியைத் தேடும் வேலையும் ஆரம்பமானது. அது பின்னர் மத்தியப் பிரதேசத்தின் பச்மடிக்கும், அங்கிருந்து லடாக்கின் ஹான்லேவுக்கும் இடம்பெயர்ந்தது. 1975 முதல் 1987வரை டாடா நிறுவனத்தின் இயக்குநர் அவர்தான். அந்தப் பன்னிரண்டு ஆண்டு நிர்வாகத்தைப் பற்றி எழுத இங்கே இடமில்லை. ஆர்வமும் எனக்குக் குறைவு.

கோலாரின் இரண்டாம் அத்தியாயம் அந்த ஆண்டுகளில்தான் நடந்தது. 1974இல் வந்த ஒரு கோட்பாடு, புரோட்டான்கூட அழியாதது இல்லை, என்றோ ஒருநாள் சிதையும் என்றது. ஆயுள் மிக நீண்டது, அதனால் ஏராளமான புரோட்டான்களைக் குவித்துவைத்துக் காத்திருக்க வேண்டும். 1980இல் கோலாரின் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் 140 டன் இரும்பு அடுக்கப்பட்டது, இடையிடையே வாயு எண்ணிகளோடு. இதற்கென்றே கட்டப்பட்டு ஓடிய முதல் பெரிய கருவி இது. சிதைவு என்று கருதத்தக்க சில நிகழ்வுகளைக் குழு அறிவித்தது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இன்னும் பெரிய கருவிகள் தேடியபோது அது உறுதிப்படவில்லை. புரோட்டானின் ஆயுள் கோலார் சொன்னதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் என்பதே இன்றைய நிலை.

இந்தத் தேடலில் எல்லாருக்கும் தொல்லை கொடுத்தது எது தெரியுமா? நியூட்ரினோதான். 1965இல் கொண்டாடிய அதே வளிமண்டல நியூட்ரினோ, 1980களில் புரோட்டான் சிதைவைப்போல் நடித்து ஏமாற்றும் இரைச்சலாகிவிட்டது. ஜப்பானின் கமியோகாண்டேவும் புரோட்டானுக்காகக் கட்டியதுதான். இரைச்சலைக் கழிப்பதற்காக அவர்கள் நியூட்ரினோக்களைக் கவனமாக எண்ணினார்கள், கணக்கு உதைத்தது. மியூவான் வகை நியூட்ரினோ எதிர்பார்த்ததைவிடக் குறைவு. 1998இல் சூப்பர் கமியோகாண்டே விடையைச் சொன்னது: கீழிருந்து, பூமி முழுவதையும் கடந்து வருபவைதான் குறைகின்றன. வழியில் அவை வேறு வகையாக மாறுகின்றன, மாறுவதற்கு நிறை வேண்டும். நிறையே இல்லை என்று பாடநூல்கள் சொன்ன துகளுக்கு நிறை இருந்தது. 2015 நோபல் இதற்கு. கோலார்க் கருவியும் அதே நியூட்ரினோக்களைத்தான் பார்த்தது. ஆனால் 140 டன்னில் விழுந்த சிலவற்றை வைத்துக்கொண்டு குறைவா நிறைவா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. சூப்பர் கமியோகாண்டேவில் இருந்தது 50,000 டன் தண்ணீர்.

தங்கம் குறைந்து, செலவு கூடி, கோலாரின் ஆழமான மட்டங்கள் கைவிடப்பட்டன. மேலேயுள்ள இறைப்பான்கள் நின்றால் தண்ணீர் ஏறிவிடும் என்பதால் 1990களின் தொடக்கத்தில் ஆய்வும் முடிந்தது. 2001இல் சுரங்கமே மூடப்பட்டது. ஊட்டி மட்டும் உயிரோடு இருக்கிறது. கிரேப்ஸ்-3 என்ற பெயரில் இன்று அங்கே ஏறத்தாழ 400 ஒளிர்நெகிழிக் கருவிகளும், கான்கிரீட் கூரைக்கடியில் 560 சதுர மீட்டர் மியூவான் கருவியும் ஓடுகின்றன. 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டி மேலே நின்ற ஓர் இடிமேகம் மியூவான் எண்ணிக்கையைச் சற்றே குறைத்தது. அந்தக் குறைவை வைத்து மேகத்துக்குள் இருந்த மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று 2019இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். இடிமேகம், மியூவானை எண்ணுகிறவர்களுக்கு எப்போதும் ஒரு தொந்தரவு. மறுபடியும் இரைச்சலே செய்தியாயிற்று. ஸ்ரீகண்டன் ஓய்வுக்குப் பின் பெங்களூருவில் உயராய்வு நிறுவனமொன்றில் பிரக்ஞை பற்றிய தத்துவக் கேள்விகளில் மூழ்கியிருந்தார். 2019 அக்டோபரில், 94 வயதில் மறைந்தார்.

கோலார் மூடியபின் இந்தியாவுக்கு ஆழம் இல்லாமல்போனது. அந்தக் குழுவில் பயின்ற நபா மண்டல் போன்றவர்களும், கமுதியில் பிறந்த கோட்பாட்டு இயற்பியலாளர் ஜி. ராஜசேகரன் போன்றவர்களும் முன்னின்று கேட்ட மாற்று இடம்தான் இந்திய நியூட்ரினோ ஆய்வகம். நீலகிரியின் சிங்காராவில் யானை, புலி வழித்தடம் என்பதால் அனுமதி கிடைக்கவில்லை. அடுத்து தேனி மாவட்டம் பொட்டிப்புரம். அங்கே மலைக்கடியில் 50,000 டன் காந்தமூட்டிய இரும்பை அடுக்குவது திட்டம். நடந்த சண்டை தமிழகத்துக்குத் தெரியும். நியூட்ரினோ கதிர்வீச்சால் ஊர் அழியும் என்ற பேச்சுக்கு எந்த அடிப்படையும் இல்லை. இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் கோடிக்கணக்கான கோடி நியூட்ரினோக்கள் உங்களைக் கடந்திருக்கும். ஆனால் பாறை வெடிப்பு, தண்ணீர், மதிகெட்டான் சோலையை ஒட்டிய காட்டுயிர் வழித்தடம் பற்றிய கேள்விகள் நியாயமானவை. அவற்றுக்கு ஊர்க்காரர்களிடம் தமிழில் பதில் சொல்ல ஆய்வகத் தரப்பு தாமதமாகத்தான் வந்தது. 2022இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்துக்கு அனுமதி தர முடியாது என்று சொல்லிவிட்டது.

அந்த இரும்பு பதில் சொல்லவிருந்த முக்கியக் கேள்வி, மூன்று நியூட்ரினோ நிறைகளில் எது கனமானது, எது இலேசானது என்ற வரிசை. சீனாவின் ஜூனோ ஆய்வகம் 700 மீட்டர் ஆழத்தில் 20,000 டன் ஒளிர்திரவத்தோடு 2025 ஆகஸ்டில் அதே கேள்வியைக் கையிலெடுத்துவிட்டது. ஜூனோ பார்ப்பது அணு உலைகளிலிருந்து வரும் எதிர்நியூட்ரினோக்களை. வளிமண்டல நியூட்ரினோவையும் எதிர்நியூட்ரினோவையும் தனித்தனியே பிரித்து அதே வரிசையை வேறு வழியில் சரிபார்க்க வேண்டுமென்றால், காந்தமூட்டிய இரும்பும் அதன் மேலே ஒரு கிலோமீட்டர் பாறையும் வேண்டும். மதுரையில் இதன் சிறு முன்மாதிரி, 85 டன் எடையில், தரைமட்டத்தில் கட்டப்பட்டது. 50,000 டன்னுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.